இங்கிலாந்தின் புதிய நில மானியம்: விவசாயிகளையும் காடு வளர்ப்பவர்களையும் உண்மையிலேயே கேட்டார்களா?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து தன் விவசாய மானியத்தைத் தலைகீழாக மாற்றியது. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வேளாண் மாணவர்கள், ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், தொண்டு நிறுவன நண்பர்கள் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். இங்கே பேசப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்து. விவசாயமும் காடும் வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் அந்தந்த அரசுகளின் பொறுப்பு. வேல்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி உண்டு.

1. முதல்ல, இது என்ன திட்டம்? எதுக்கு திடீர்னு புதுசா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் விவசாயிகளுக்கு ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கையின் கீழ் மானியம் வந்தது. அதில் பெரும்பகுதி, எத்தனை எக்டேர் நிலம் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கொடுத்த பணம். ஒரு எக்டேர் சுமார் இரண்டரை ஏக்கர். சமவெளி நிலத்துக்கு ஆண்டுக்கு எக்டேருக்கு ஏறத்தாழ 230 பவுண்டு கிடைத்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் அந்தச் சட்டம் போய்விட்டது, சொந்தமாக ஒன்று தேவைப்பட்டது.

2020 நவம்பரில் வேளாண் சட்டம் நிறைவேறியது. 2021 முதல் 2027 வரை ஏழாண்டு மாறுதல் காலம். பழைய பணத்தைப் படிப்படியாகக் குறைத்து, அதே பணத்தை மண், நீர், உயிர்வேலி, பறவை, மரம் ஆகியவற்றுக்காக வேலை செய்பவர்களுக்குக் கொடுப்பது என்பதுதான் ஏற்பாடு. மொத்தத் தொகை ஆண்டுக்குச் சராசரியாக 240 கோடி பவுண்டு. இதன் பொதுப்பெயர் சுற்றுச்சூழல் நில மேலாண்மைத் திட்டங்கள். இப்போது அதில் மூன்று கிளைகள்: நிலையான வேளாண்மை ஊக்கத்தொகை (எல்லோரும் எஸ்.எஃப்.ஐ. என்றுதான் சொல்கிறார்கள்), கிராமப்புறப் பராமரிப்புத் திட்டம், பெரும் நிலப்பரப்பு மீட்புத் திட்டம்.

சுற்றுச்சூழலுக்குப் பணம் கொடுப்பது அங்கே புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1987-லேயே சில பகுதிகளில் ஆரம்பித்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்ததுதான் புதிது.

2. நிலத்துக்குக் காசு கொடுத்தா நல்லதுதானே? நம்ம பி.எம். கிசான் மாதிரி?

பி.எம். கிசானில் நிலம் எவ்வளவு இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான். ஐரோப்பிய முறை நேர் எதிர். நிலம் பெருகப் பெருகப் பணமும் பெருகும். பெற்றவர்களில் மேல்தட்டு 10 சதவீதத்தினருக்கு மொத்தத் தொகையில் ஏறத்தாழ பாதி போனது, அடித்தட்டு 20 சதவீதத்தினருக்கு வெறும் 2 சதவீதம் கிடைத்தது என்று பிரிட்டன் அரசே 2018-இல் எழுதியது. அந்தப் பணம் நிலவிலையையும் குத்தகையையும் ஏற்றிவிட்டது என்ற குறையும் உண்டு.

ஆனால் மலைப்பகுதியில் ஆடு மாடு வளர்ப்பவர்களைக் கேட்டால் கதை வேறு. பல பண்ணைகளில் அந்த மானியத்தைக் கழித்துவிட்டால் லாபம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பழைய முறை அநியாயமானது என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட அதை நிறுத்தப் பயந்ததற்குக் காரணம் இதுதான்.

3. "பொதுப் பணம் பொது நன்மைக்கே"ன்னு சொல்றாங்களே, சாப்பாடு பொது நன்மை இல்லையா?

கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அதிகச் சூடு கிளப்பிய கேள்வி இது. பொருளாதாரக் கணக்குப்படி சந்தையில் விலை கிடைக்காத நன்மைக்குத்தான் அந்தப் பெயர். கோதுமைக்கு விலை உண்டு, வானம்பாடி கூடு கட்டியதற்கு விலை இல்லை. வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றோரப் புல்வெளிக்கும் இல்லை. ஆகவே அரசு பணம் கொடுக்க வேண்டியது அவற்றுக்கு என்பது வாதம்.

விவசாய சங்கங்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. அவர்கள் தொடர்ந்து கொடுத்த அழுத்தத்தால், உதவித்தொகையைத் தீர்மானிக்கும்போது உணவு உற்பத்தியை ஊக்குவிக்கும் அவசியத்தையும் அமைச்சர் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற வரி 2020 சட்டத்தில் ஏறியது. ஒரு வரிதான். ஆனால் கேட்டுப் பெற்ற வரி.

4. சரி, யாரை எப்போ கேட்டாங்க?

முதல் பெரிய கருத்துக்கேட்பு 2018 பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே 8 வரை நடந்தது. அப்போது சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறைக்கு (சுருக்கமாக டெஃப்ரா) மைக்கேல் கோவ் அமைச்சர். 43,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அடுத்தது 2020 பிப்ரவரியில் வெளியான விவாத ஆவணம். கொரோனா வந்ததால் நடுவில் நிறுத்தி, பிறகு ஜூலை முடிய நீட்டித்தார்கள். மரங்களுக்கான உத்தியைப் பற்றி அதே ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை தனியாக இன்னொரு கருத்துக்கேட்பு. அந்தத் 'தனியாக' என்பதற்கு 11-ஆம் கேள்வியில் வருகிறேன்.

5. 43,000 பேர் எழுதினாங்கன்னா பெரும்பான்மை சொன்னதுதானே நடந்திருக்கணும்?

இல்லை. கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. 2018-இல் வந்த பதில்களில் மிகப் பெரும்பகுதி, அமைப்புகள் தங்கள் ஆதரவாளர்களிடம் கொடுத்து அனுப்பச் சொன்ன ஒரே மாதிரி மின்னஞ்சல்கள். அவை ஒரு கவலை எவ்வளவு பரவலானது என்று காட்டும். ஈரக் களிமண்ணில் அக்டோபருக்குப் பிறகு டிராக்டர் இறங்காது, ஆகவே இந்த விதியின் தேதி தவறு என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தால் விதியை எழுதுகிற அதிகாரிக்கு அதுதான் பயன்படும்.

எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் அரசு அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதைவிட, கேட்கும்போது எதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று விசாரிப்பது நல்லது.

6. சட்டப்படி கேட்டே ஆகணுமா, இல்ல மரியாதைக்குக் கேக்கறாங்களா?

எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும் என்ற பொதுச் சட்டம் இங்கிலாந்தில் கிடையாது. குறிப்பிட்ட சட்டம் சொன்னாலோ, கேட்போம் என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தாலோ, வழக்கமாகக் கேட்டு வந்திருந்தாலோதான் கடமை வரும். ஆனால் கேட்க ஆரம்பித்துவிட்டால் ஒழுங்காகக் கேட்க வேண்டும். இதற்கான அளவுகோல் 1985-இல் லண்டனின் பிரென்ட் பகுதிப் பள்ளிகள் தொடர்பான கன்னிங் வழக்கில் வந்தது. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். இந்த நான்கையும் 2014-இல் ஹாரிங்கே வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நான்கில் முதலாவதுதான் அடிக்கடி அடிபடுகிறது. 2018 கருத்துக்கேட்பில், நிலத்தின் அளவுக்குப் பணம் கொடுப்பது தொடரலாமா என்று யாரும் கேட்கவில்லை. எப்படிக் குறைக்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

7. இணையத்துல படிவம் போட்டா எந்த விவசாயி உக்காந்து பதில் எழுதுவார்?

நியாயமான சந்தேகம். அதனால்தான் எழுத்தில் கேட்டதோடு நிற்காமல் 'சோதனைகளும் முன்னோட்டங்களும்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சிறு திட்டங்களை நடத்தினார்கள். ஒரு பண்ணைக்கான நிலத் திட்டத்தை யார் எழுதுவது, ஆலோசகர் எந்த அளவுக்குத் தேவை, பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பவற்றை நிலத்திலேயே செய்து பார்த்தார்கள். 2021 இறுதியில் தொடங்கிய எஸ்.எஃப்.ஐ. முன்னோட்டத்தில் கலந்துகொண்ட பண்ணைகளுக்கு, வேலைக்கான பணம் போக, கற்றதைத் திரும்பச் சொல்லும் நேரத்துக்காக ஆண்டுக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்கள். விவசாயியின் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குப் பிடித்த இன்னொரு சோதனை இதற்கும் முந்தியது. 2016-இல் யார்க்ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கிலும் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலும் தொடங்கியது. இன்ன தேதிக்குப் புல் வெட்டு, இன்ன அளவு உரம் போடு என்றெல்லாம் கட்டளை இல்லை. வயலில் எத்தனை வகைப் பூச்செடிகள் இருக்கின்றன என்று விவசாயியே எண்ணி மதிப்பெண் போடுவார், மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பணம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்குப் பதில், என்ன விளைந்தது என்று கேட்ட முறை அது. எண்ணத் தொடங்கியதும் விவசாயிகளுக்குத் தங்கள் வயல்மேலேயே புது ஆர்வம் வந்தது என்று அந்த அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாடு முழுக்க அப்படியே விரிக்க முடியவில்லை. விதி வைத்துச் சரிபார்ப்பது நிர்வாகத்துக்கு எளிது, பூ எண்ணிச் சரிபார்ப்பது கடினம்.

8. கேட்டதால ஏதாவது மாறிச்சா, இல்ல கண்துடைப்பா?

மாறியது. 2022-இல் எஸ்.எஃப்.ஐ. முதலில் திறந்தபோது மண்ணுக்கும் மேட்டுப் புல்வெளிகளுக்கும் மட்டும் சில பொதிகள், அதாவது பல வேலைகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள், இருந்தன. சேர்ந்தவர்கள் குறைவு. பணம் போதாது, ஒரு பொதியாக எடுக்கச் சொன்னால் என் நிலத்துக்குப் பொருந்தாத வேலையும் சேர்ந்து வருகிறது என்றார்கள். 2023-இல் பொதியைக் கலைத்து 23 தனித்தனி வேலைகளாக்கி, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவிட்டார்கள். காகித வேலைக்காக முதல் 50 எக்டேருக்கு எக்டேருக்கு 20 பவுண்டும் சேர்த்தார்கள். 2024-இல் வேலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. உள்ளூர் இயற்கை மீட்பு என்று திட்டமிட்டிருந்த நடுக் கிளையைக் கைவிட்டு, ஏற்கெனவே மக்களுக்குப் பழகிய கிராமப்புறப் பராமரிப்புத் திட்டத்தையே விரிவாக்கியதும் 2023 ஜனவரியில்தான்.

ஆக, 'எந்த வேலை, எந்த வடிவில்' என்ற விஷயத்தில் விவசாயி சொன்னது எடுபட்டது. 'எவ்வளவு பணம், எதுவரை' என்பதில் அவரை யாரும் கேட்கவில்லை. 15-ஆம் கேள்வியில் இதன் விலை தெரியும்.

9. ஒரு வேலைக்கு எவ்வளவு தருவாங்க, தோராயமா?

2023 விலைப்பட்டியலிலிருந்து: பூச்சிக்கொல்லி அடிக்காமல் பயிர் செய்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 45 பவுண்டு. உயிர்வேலியை ஒழுங்காகக் கவாத்து செய்து வளர்த்தால் 100 மீட்டருக்கு, ஒரு பக்கத்துக்கு, 10 பவுண்டு. புல்லோடு பயறுவகையும் மூலிகைகளும் கலந்த மேய்ச்சல் நிலத்துக்கு எக்டேருக்கு 382. குளிர்காலத்தில் பறவைகள் தின்ன விதைப்பயிர் விட்டுவைத்தால் எக்டேருக்கு 732. பிறகு 2024-இல் விலைகள் சராசரியாக 10 சதவீதம் ஏறின.

10. இந்த விலையை எப்படிக் கணக்குப் போட்டாங்க? ஏன் இவ்வளவு கம்மி?

'விட்டுக்கொடுத்த வருமானமும் ஆன செலவும்' என்பது சூத்திரம். அந்த இடத்தில் கோதுமை போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம், அதோடு இந்த வேலைக்கான செலவு. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில், வரம்பில்லாமல் கொடுக்க அனுமதிக்கப்பட்ட சுற்றுச்சூழல் மானியத்துக்கு வைத்த நிபந்தனையும் இதுவே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல மண்ணில் விட்டுக்கொடுக்கும் வருமானம் அதிகம், மேட்டுக் கரம்பில் குறைவு. இயற்கை வளம் மிகுந்து கிடப்பதோ மேட்டில். ஆகவே நாட்டுக்கு அதிகம் பாதுகாத்துத் தருபவருக்கு எக்டேருக்குக் குறைவான பணம். மலைப்பகுதி விவசாயிகள் ஒவ்வொரு கருத்துக்கேட்பிலும் இதை எழுதியிருக்கிறார்கள். சூத்திரம் அப்படியேதான் இருக்கிறது.

11. காடு வளர்க்கிறவங்களையும் கேட்டாங்களா? தலைப்பில மட்டும்தான் அவங்க பேரா?

கேட்டார்கள், ஆனால் வேறு அறையில் உட்காரவைத்து. 4-இல் சொன்ன மரங்கள் கருத்துக்கேட்பு 2021 மே மாதம் ஒரு செயல்திட்டமாக வெளிவந்தது. அதன்படி வந்ததுதான் புதுக் காடு வளர்க்கும் உதவித்திட்டம். அதை நடத்துவது 1919 முதல் இருக்கும் வனத்துறை ஆணையம். எஸ்.எஃப்.ஐ. பணத்தைக் கையாள்வது ஊரகப் பணப்பட்டுவாடா முகமை. ஒரே நிலம், இரண்டு அலுவலகம், இரண்டு விண்ணப்பம். வயலுக்கு நடுவே வரிசையாக மரம் நடும் வேளாண் காடு இதில் எந்தப் பக்கம் என்பதே நெடுநாள் குழப்பமாக இருந்தது.

காடு வளர்ப்பவர்களின் முறையீடு வேறு வகை. நடுவதற்கு எல்லோரும் பணம் தருகிறார்கள், நட்டதைப் பார்த்துக்கொள்ள யார் தருவது? இங்கிலாந்தின் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு முறையான பராமரிப்பில் இல்லை. மான் குருத்தைத் தின்கிறது, அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில் பட்டையை உரிக்கிறது, ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் அழிக்கிறது. இன்னொரு பக்கம், பிரிட்டனுக்கு வேண்டிய மரத்தில் சுமார் 80 சதவீதம் இறக்குமதி. அறுக்கத் தகுந்த மரம் நடச் சொல்கிறீர்களா, பறவைக்கு நடச் சொல்கிறீர்களா என்று மரத்தொழில்காரர்கள் கேட்டார்கள். உதவித்தொகையில் இயற்கைக்கான கூடுதல் பணம் அகன்ற இலை நாட்டு மரங்கள் பக்கமே சாய்கிறது. நாட்டின் மரப்போர்வையை 2050-க்குள் நிலப்பரப்பில் 16.5 சதவீதமாக்குவது சட்டபூர்வ இலக்கு.

12. மரம் நட காசு நல்லா தர்றாங்களாமே, அப்புறம் ஏன் விவசாயிகள் தயங்கறாங்க?

2023 நிலவரப்படி நடவுக்கான செலவில் எக்டேருக்கு 10,200 பவுண்டு வரை, அதன்பின் 15 ஆண்டுகளுக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு பராமரிப்பு. பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் 16-ஆவது ஆண்டு என்ன? மரம் பலன் தர இன்னும் பத்தாண்டுகள் பல உண்டு. தவிர, ஒருமுறை காடாக்கிய நிலம் திரும்ப வயலாவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1967 வனச் சட்டப்படி மரம் வெட்ட உரிமம் வேண்டும், வெட்டிய இடத்தில் மறுபடி நட வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக அதோடு வரும். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பறவைக்கு விதை விதைப்பதும் பேரன் காலத்துக்கும் நிலத்தின் தன்மையை மாற்றுவதும் ஒரே மனநிலையில் எடுக்கும் முடிவுகள் அல்ல.

13. குத்தகைக்கு உழறவங்க கதி?

இங்கிலாந்தின் விளைநிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குத்தகையில் இருக்கிறது. ஆரம்பத் திட்டங்கள் நிலச் சொந்தக்காரரை மனதில் வைத்து எழுதியவை. புதுப் பணத்தைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர் குத்தகையைப் புதுப்பிக்காமல் விடும் அபாயம் இருந்தது. இதை ஆராய, மேலவை உறுப்பினர் கேட் ராக் தலைமையில் அரசு அமைத்த குழு 2022 அக்டோபரில் அறிக்கை தந்தது. எஸ்.எஃப்.ஐ. ஒப்பந்தம் மூன்றாண்டுதான், குத்தகைதாரர் நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே சேரலாம் என்ற ஏற்பாடு அவர்களுக்கு உதவியது. மரம் நடுவதில் அந்தச் சலுகை வேலை செய்யாது. சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளாமல் நட முடியாது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் உரிமை உள்ளவர்கள் குழுவாகத்தான் விண்ணப்பிக்க முடியும். அங்கே ஒருவர் முரண்டு பிடித்தாலும் இழுபறிதான்.

14. வேல்ஸ்ல ரப்பர் பூட்ஸ் போராட்டம் நடந்ததே, அது இதுதானா?

அது வேல்ஸ் அரசின் தனித் திட்டம். அங்கே 2018-இலிருந்து சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டார்கள். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2023 டிசம்பரில் வெளியான வரைவு, பண்ணையில் 10 சதவீதம் மரப்போர்வை, இன்னொரு 10 சதவீதம் காட்டுயிர்களுக்கான வாழிடம் இருந்தால்தான் திட்டத்தில் சேரலாம் என்றது. அரசு கொடுத்த மதிப்பீட்டிலேயே 5,500 வேலைகள் போகலாம் என்ற கணக்கு இருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று கார்டிஃபில் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அடுத்த வாரம் அதே நாடாளுமன்றத்தின் படிக்கட்டில் 5,500 ஜோடி பூட்ஸ்களை வரிசையாக வைத்தார்கள்.

மே மாதம் அரசு திட்டத்தை 2026-க்குத் தள்ளிவைத்து, விவசாயிகளையும் சுற்றுச்சூழல் அமைப்புகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 2025 ஜூலையில் வந்த இறுதி வடிவத்தில் 10 சதவீத மர நிபந்தனை இல்லை, வாழிட நிபந்தனை மட்டும் இருந்தது. மரத்தை வெறுத்ததால் வந்த போராட்டம் இது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடற்காற்று அடிக்கும் மேட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே சதவீதம் என்பதுதான் அவர்களைக் குத்தியது.

15. எஸ்.எஃப்.ஐ.யை ராத்திரியோட ராத்திரியா மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 2025 மார்ச் 11 மாலை, ஒதுக்கிய பணம் முழுவதும் ஒப்பந்தங்களுக்குப் போய்விட்டது என்று சொல்லிப் புது விண்ணப்பங்களை அந்த நிமிடமே நிறுத்தினார்கள். அப்போது 37,000 ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்தன, அவற்றுக்குப் பணம் தொடர்ந்தது. கோபம் நிறுத்தியதற்காக மட்டுமல்ல. மூடுவதாக இருந்தால் ஆறு வாரம் முன்பே சொல்வோம் என்ற வாசகம் விண்ணப்பத் திரையிலேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. தேசிய விவசாயிகள் சங்கம் நீதிமன்றப் படியேறியது. மே மாதத்தில், பாதி நிரப்பி வைத்திருந்த சுமார் 3,000 பேருக்கு அரசு மீண்டும் வழிவிட்டது.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டுகளில் ஒதுக்கிய பணம் செலவாகாமல் மிஞ்சியதுதான் புகார். சேருங்கள் சேருங்கள் என்று கூப்பிட்டார்கள், ஆலோசகரைப் பார்த்து மண் பரிசோதனை செய்துவிட்டு நிதானமாகச் சேரலாம் என்றிருந்தவர்கள் வெளியே நின்றார்கள். அவசரப்பட்டவருக்குப் பணம், யோசித்தவருக்கு இல்லை. ஏழாண்டு கருத்துக்கேட்பில் சேர்த்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேறு எதுவும் விழவில்லை என்பேன்.

16. எல்லா நிலத்தையும் பறவைக்கும் பூவுக்கும் விட்டுட்டு சும்மா காசு வாங்கினா என்ன பண்ணுவாங்க?

சிலர் அப்படிக் கணக்குப் போட்டதும் உண்மை. 9-இல் உள்ள விலைகளைப் பாருங்கள். உர விலை ஏறி கோதுமை விலை இறங்கிய ஆண்டில், சுமாரான மண்ணில் 732 பவுண்டு நிச்சய வருமானம் கோதுமையைத் தோற்கடித்துவிடும். 2024 மார்ச்சில் இப்படிப்பட்ட ஆறு வேலைகளுக்குப் பண்ணைப் பரப்பில் 25 சதவீதம்தான் உச்சம் என்று வரம்பு வைத்தார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. பட்டியலைத் தந்து வேண்டியதை எடுக்கச் சொன்னால் லாபமானதைத்தான் எடுப்பார்.

17. நான் இந்த மாதிரி ஒரு கருத்துக்கேட்புக்குப் பதில் எழுதணும்னா எப்படி எழுதறது?

அங்கே நிலம் நடத்தும் தமிழர் ஒருவரும், இங்கே வேறு விஷயத்துக்காக ஒரு மாணவியும் இதைக் கேட்டார்கள். இருவருக்கும் ஒரே பதில். அமைப்புகள் தரும் அச்சுக் கடிதத்தை அனுப்புவதில் தவறில்லை, ஆனால் 5-இல் சொன்ன காரணத்தால் சொந்தமாக ஒரு பக்கமாவது எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு உங்களிடம் நிலத்து அனுபவம் இருக்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், படிவத்தில் நாற்பது கேள்வி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் எழுத வேண்டியதில்லை. தேதி, அளவு, செலவு, மண் வகை, ஆள்கூலி எழுதுங்கள். 'இது நடைமுறைக்கு ஒத்துவராது' என்று நிறுத்தாமல், எந்த மாதம், எந்த வயலில், எதனால் ஒத்துவராது என்று எழுதுங்கள்.

அவர்கள் கேட்காத கேள்விக்கும் பதில் எழுதலாம். நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி, மூடினால் எவ்வளவு முன்னறிவிப்பு என்பதைப் படிவத்தில் எங்கும் காணோம் என்றால் 'வேறு கருத்துகள்' பெட்டியில் எழுதிவிடுங்கள். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்துப் பதில்களின் தொகுப்பையும் அரசின் மறுமொழியையும் வெளியிடுவார்கள். அதில் நீங்கள் சொன்ன விஷயம் இருக்கிறதா, ஏற்றார்களா, மறுத்தார்கள் என்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்று பாருங்கள். காரணமே சொல்லவில்லை என்றால் உங்கள் தொகுதி எம்.பி.க்கு அந்த நகலை இணைத்து ஒரு கடிதம் போடலாம்.